வேலைக்குத் தேவையில்லாதது
(பரிசளிப்பு விழாவில் ஆற்றிய சிறப்புரையின் எழுத்து வடிவம்)



பரிசளிப்பு விழா என்றால் கல்வியின் சிறப்பைப் பற்றிப் பேசுவார்கள். ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவார்கள். நான் பேச எடுத்துக்கொண்ட பொருளோ எந்திர மனிதர்கள் வருகிற சினிமாவும் தொலைக்காட்சியும். 'இது என்னடா, பிள்ளைங்க பரிசு வாங்குற இடத்துல ரோபோ கதையா?' என்று பின் வரிசையிலே யாராவது முணுமுணுத்தால் அதிலே தப்பில்லை. கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள். கோயில் திருவிழாவிலே கதாகாலட்சேபம் கேட்கிறோம். அதிலே அரக்கன் வருகிறான், ஆகாயத்திலே தேர் பறக்கிறது. நாம் தேரைப் பார்க்கவா போகிறோம்? கதைக்குள்ளே இருக்கிற தர்மத்தைக் கேட்கப் போகிறோம். விஞ்ஞானக் கதைகளும் அப்படித்தான். ராக்கெட்டும் மின்விளக்கும் வெளிப்பூச்சு. உள்ளே இருப்பது நம் பெரியவர்கள் காலங்காலமாகக் கேட்டுவந்த கேள்வி: உயிர் என்பது எது? மனிதன் என்பவன் யார்?

முதலிலே 'ரோபோ' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். இதை ஆங்கிலச் சொல் என்றுதான் பலரும் நினைக்கிறோம். உண்மையிலே இது ஐரோப்பாவிலே செக் மொழியில் பிறந்த சொல். காரெல் சாப்பெக் என்ற எழுத்தாளர் 1920ஆம் ஆண்டில் ஒரு நாடகம் எழுதினார். 'ஆர்.யூ.ஆர்.' என்பது அதன் பெயர். மனித உருவம் கொண்ட வேலையாட்களைத் தொழிற்சாலையிலே செய்து, ஊர் ஊராக அனுப்பி விற்கிறார்கள் என்பது கதை. அந்த வேலையாட்களுக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று அவர் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஓவியரான அவருடைய அண்ணன் ஜோசப் எடுத்துக் கொடுத்த பெயர்தான் ரோபோ. செக் மொழியிலே 'ரொபோத்தா' என்றால், நிலக்கிழாருக்குக் குடியானவன் செய்துகொடுத்தே ஆகவேண்டிய கட்டாய வேலை. அப்படியானால் இந்தப் பெயருக்குள்ளே இருப்பது என்ன? இரும்பும் இல்லை, மின்சாரமும் இல்லை. அடுத்தவனுக்காக வளைந்த ஓர் உழைப்பாளியின் முதுகுதான் இருக்கிறது.

1921ஆம் ஆண்டில் இந்த நாடகம் பிராகு நகரத்திலே மேடையேறியது. 1938ஆம் ஆண்டில் பி.பி.சி. நிறுவனம் அதிலே ஒரு பகுதியைத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பியது. தொலைக்காட்சியில் வந்த முதல் விஞ்ஞானக் கதை அதுதான் என்று சொல்வார்கள். ஆக, எந்திர மனிதன் கதைகளுக்கெல்லாம் தாய்க்கதை இது. இதிலே ஒரு கட்டத்தை மட்டும் நீங்கள் மனத்திலே இருத்திக்கொள்ள வேண்டும்.

அந்தத் தொழிற்சாலையைத் தொடங்கியவர்களிலே இளைய ரோசம் என்று ஒருவன். பொறியியல் படித்தவன். அவன் மனிதனை உற்றுப் பார்த்தான். இந்த மனிதன் சும்மா இருக்கமாட்டேன் என்கிறானே! வயலின் வாசிக்கிறான், சந்தோஷப்படுகிறான், காற்று வாங்க நடந்து போகிறான். மூட்டை தூக்குவதற்கு வயலின் எதற்கு? ஆலையிலே நிற்பவனுக்குச் சந்தோஷம் எதற்கு? வேலைக்குத் தேவையில்லாததை எல்லாம் ஒவ்வொன்றாகக் கழித்தான். கழித்து முடித்தபோது ரோபோ கிடைத்தது. இதுதான் அந்த நாடகத்தின் உயிர்நாடி. ரோபோ என்பது மனிதனோடு எதையோ கூட்டிச் செய்ததில்லை; மனிதனிலிருந்து கழித்துச் செய்தது.

பிறகு என்ன ஆயிற்று? ரோபோக்கள் கிளர்ந்து எழுந்து மனித குலத்தையே அழித்துவிட்டன. ஒரே ஒருவரை மட்டும் உயிரோடு விட்டன. அல்குவிஸ்ட் என்ற கட்டடக்காரர் அவர். ஏன் அவரை விட்டன தெரியுமா? அவர் தம் சொந்தக் கைகளால் வேலை செய்கிறவர். உழைக்கும் கை உழைக்கும் கையை அடையாளம் கண்டுகொண்டது. கடைசிக் காட்சியிலே, ஆராய்ச்சிக்காக ஒரு ரோபோப் பெண்ணை அறுத்துப் பார்க்கவேண்டும் என்கிறார் அந்தக் கிழவர். 'அவள் வேண்டாம், என்னை எடுத்துக்கொள்ளுங்கள்' என்று கூட இருந்த ரோபோ இளைஞன் முன்னால் வருகிறான். அவனை அறுக்கிறேன் என்றால் அவள் தன்னைக் கொடுக்க வருகிறாள். கிழவருக்குப் புரிந்துவிட்டது. கழித்துப் போட்டதெல்லாம் திரும்பி வந்துவிட்டது. இருவரையும் ஆதாம் ஏவாளாகப் போகச் சொல்லி வாழ்த்தி அனுப்புகிறார்.

அன்பர்களே, இந்தக் கதை நமக்கு அந்நியமா? நம் முன்னோர்கள் இந்த நாட்டுக்குக் கப்பலேறி வந்த வரலாற்றை எண்ணிப் பாருங்கள். ஒப்பந்தம் போட்டு ஆள் பிடித்து வந்த முறை 1910ஆம் ஆண்டிலே நிறுத்தப்பட்டது. கங்காணிமார் ஆள் கூட்டி வந்த முறை 1938 வரைக்கும் நடந்தது. நம் மொழியிலே 'கூலி' என்றால் செய்த வேலைக்கு வாங்குகிற ஊதியம். வெள்ளைக்காரத் துரைமார் காலத்திலே அந்தச் சொல்லையே ஆளுக்குப் பெயராக வைத்தார்கள். மனிதனைக் கழித்துவிட்டு அவன் வாங்கும் சம்பளத்தை மட்டும் மிச்சம் வைத்தது போல! பெரட்டுக்கு வந்தானா, எத்தனை மரம் வெட்டினான், எத்தனை ராத்தல் பால் கொண்டுவந்தான் என்பதுதான் கணக்கு. ஆனால் அந்த மனிதர்கள் என்ன செய்தார்கள்? லயத்து வாசலிலே உறுமியும் தப்பும் அடித்தார்கள். மரத்தடியிலே ஒரு கல்லை நட்டு மாரியம்மன் என்று கும்பிட்டார்கள். ராத்திரியிலே விளக்கு வைத்துப் பாரதம் படித்தார்கள். வேலைக்குத் தேவையில்லாத காரியங்களை எல்லாம் விடாமல் செய்தார்கள். அதனால்தான் அவர்கள் கடைசிவரை மனிதர்களாகவே இருந்தார்கள்.

இனி சினிமாவுக்கு வருவோம். 1982ஆம் ஆண்டில் ரிட்லி ஸ்காட் எடுத்த 'பிளேட் ரன்னர்' என்ற ஆங்கிலப் படம். வேற்றுக் கிரகங்களிலே அடிமை வேலை பார்ப்பதற்காக மனிதர்களைப் போலவே ஆட்களைச் செய்கிறார்கள். அவர்களுக்கு ஆயுள் நான்கே ஆண்டுகள்தான். தப்பித்துப் பூமிக்கு வருகிறவர்களைத் தேடிச் சுடுவதற்கு ஒருவன். யார் மனிதன், யார் செய்யப்பட்டவன் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அந்தப் படத்திலே பலத்தைச் சோதிக்கவில்லை, கணக்கைச் சோதிக்கவில்லை. இரக்கத்தைச் சோதிக்கிறார்கள். கொதிக்கிற வெயிலிலே ஓர் ஆமை மல்லாந்து துடிக்கிறது. நீ அதைப் புரட்டிவிடாமல் நிற்கிறாயே, ஏன் என்று கேட்டுவிட்டுக் கண்ணைப் பார்க்கிறார்கள். கேட்டீர்களா? மனிதனுக்கு அடையாளம் ஈர நெஞ்சம் என்று அங்கேயும் தெரிந்திருக்கிறது.

ஆனால் படம் நடக்க நடக்க நிலைமை தலைகீழாகிறது. சோதனை செய்கிற மனிதனோ, ஆயுதமில்லாமல் ஓடுகிற ஒரு பெண்ணை முதுகிலே சுடுகிறான். வேட்டையாடப்படுகிற ராய் என்பவன், தன்னைச் செய்த முதலாளியிடமே போய் இன்னும் கொஞ்சம் ஆயுள் கேட்கிறான். முடியாது என்றதும் ஆத்திரத்திலே அவரைக் கொன்றும் விடுகிறான். அவன் கைகளும் சுத்தமில்லை. கடைசியிலே அவனைச் சுட வந்தவன் உயரமான கட்டடத்தின் விளிம்பிலே தொங்குகிறான், கை நழுவுகிறது. விட்டுவிட்டால் எதிரி ஒழிந்தான். ராய்க்கோ இன்னும் சில நிமிடங்கள்தான் உயிர். அந்த நேரத்திலே கையை நீட்டித் தூக்கிக் காப்பாற்றுகிறான்! பிறகு கொட்டுகிற மழையிலே உட்கார்ந்து, தான் கண்ட காட்சிகளெல்லாம் தன்னோடு அழியப் போவதைச் சொல்லிவிட்டுச் சாகிறான். எதற்காகக் காப்பாற்றினான்? அதனாலே அவனுக்கு ஒரு காசு லாபம் உண்டா? இல்லை. இளைய ரோசம் பார்த்திருந்தால் வீண் வேலை என்றிருப்பான். அந்த வீண் வேலையிலேதான் ராய் மனிதனாகிவிட்டான்.

அடுத்தது ஒரு தொலைக்காட்சித் தொடர். 'ஸ்டார் டிரெக்' என்ற அமெரிக்கத் தொடரின் இரண்டாம் தலைமுறைக் கதைகள் 1987 முதல் 1994 வரை ஒளிபரப்பாயின. அதிலே விண்வெளிக் கப்பலின் அதிகாரிகளிலே ஒருவன் 'டேட்டா'. அவன் ஓர் எந்திரம். 1989ஆம் ஆண்டில் வந்த ஒரு பகுதியிலே, ஒரு விஞ்ஞானி வந்து இவனைக் கழற்றிப் பார்க்கவேண்டும், பார்த்தால் இவனைப் போல ஆயிரக்கணக்கிலே செய்யலாம் என்கிறார். டேட்டா சம்மதிக்கவில்லை. கழற்றி மாட்டினால் நடந்தவை எல்லாம் குறிப்பாக மிஞ்சுமே தவிர, வாழ்ந்த வாழ்வின் ருசி போய்விடும் என்று அஞ்சுகிறான். 'நான் வேலையை விட்டு விலகுகிறேன்' என்கிறான். அதற்கு விஞ்ஞானி, 'கப்பலிலே இருக்கிற கணிப்பொறிக்கு விலகுகிற உரிமை உண்டா? இவன் எங்கள் சொத்து' என்று வாதாடுகிறார். வழக்கு நீதிமன்றத்துக்கு வருகிறது.

டேட்டாவின் சக அதிகாரியே அவனுக்கு எதிராக வாதாட வேண்டிய கட்டாயம். மறுத்தால் அப்போதே தீர்ப்பு டேட்டாவுக்கு எதிராகப் போய்விடும். நண்பனின் கையைக் கழற்றிக் காட்டுகிறார். பின்பக்கத்திலே உள்ள விசையை அழுத்துகிறார், டேட்டா பொம்மை மாதிரி சாய்கிறான். வழக்கு தோற்றது போலத்தான். மனம் உடைந்த கப்பல் தலைவர் பிக்கார்டு, கினன் என்ற பெண்மணியிடம் போய்ப் பேசுகிறார். கறுப்பின நடிகை வூப்பி கோல்ட்பர்க் அந்தப் பாத்திரத்திலே நடித்தார். அழுக்கு வேலையையும் ஆபத்தான வேலையையும் செய்துவிட்டுத் தூக்கி எறியப்படுவதற்கென்றே எல்லாக் காலத்திலும் ஒரு கூட்டத்தை வைத்திருந்தார்களே என்று அவர் அமைதியாக நினைவூட்டுகிறார். தம் மூதாதையர் அமெரிக்காவிலே அடிமைகளாக விற்கப்பட்ட ஒரு சமூகத்தின் பெண் அதைச் சொல்லும்போது, பார்க்கிறவனுக்கு உடம்பு சிலிர்க்கிறது.

பிக்கார்டு மறுபடியும் நீதிமன்றம் வருகிறார். டேட்டா கட்டி வைத்திருந்த பெட்டியைத் திறந்து காட்டுகிறார். பிள்ளைகளே, இதை நன்றாகக் கேளுங்கள். பெட்டியிலே என்ன இருந்தது? அவன் வாங்கிய பதக்கங்கள். தலைவர் அன்பளிப்பாகக் கொடுத்த ஒரு புத்தகம். இறந்துபோன தோழி ஒருத்தியின் உருவப்படம். 'இந்தப் பதக்கங்களாலே உனக்கு என்ன பயன்?' என்று கேட்கிறார். பயன் ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை, ஆனாலும் வைத்துக்கொள்ள ஆசையாக இருந்தது என்கிறான் டேட்டா. எந்திரத்துக்கு எதற்குப் பதக்கம்? எதற்கு நினைவு? எல்லாமே வேலைக்குத் தேவையில்லாதவை. அவைதான் அங்கே சாட்சியாக நின்றன!

நீதிபதி அம்மையார் தீர்ப்புச் சொல்கிறார். அவனுக்கு ஆன்மா உண்டா என்று அவருக்குத் தெரியாது. தமக்கு உண்டா என்பதையே உறுதியாகச் சொல்லத் தெரியவில்லை. ஆனால் அந்தக் கேள்வியைத் தானே தேடிப் பார்க்கிற சுதந்திரம் அவனுக்கு உண்டு. இவ்வளவுதான் தீர்ப்பு. எவ்வளவு அடக்கம் பாருங்கள்! ஆன்மாவை அளக்க நம்மிடம் படியும் இல்லை, தராசும் இல்லை. அளக்க முடியாததாலேயே எதிரே நிற்பவனை மதிக்கவேண்டும். வென்ற பிறகு டேட்டா யாரையும் பழிக்கவில்லை. விஞ்ஞானியிடம், ஆராய்ச்சியைத் தொடருங்கள், என்றைக்காவது நானே ஒத்துழைப்பேன் என்கிறான். வெட்கப்பட்டு ஒதுங்கி நிற்கிற நண்பனைத் தேடிப்போய், நீங்கள் உங்களையே வருத்திக்கொண்டு என்னைக் காப்பாற்றினீர்கள் என்று தேற்றுகிறான்.

இதெல்லாம் வெள்ளைக்காரன் கதை என்கிறீர்களா? நம்ம ரஜினி நடித்து 2010ஆம் ஆண்டில் வந்த 'எந்திரன்' படத்தை இங்கே பார்க்காத பிள்ளை உண்டா? அதிலே எல்லாரும் சண்டையைத்தான் ஞாபகம் வைத்திருக்கிறோம். நான் சொல்ல வருவது தீ விபத்துக் காட்சி. எரிகிற கட்டடத்திலே சிட்டி நுழைந்து ஒவ்வொருவராகக் காப்பாற்றுகிறான். குளித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணையும் அப்படியே தூக்கிக்கொண்டு வந்து கூட்டத்தின் நடுவிலே நிறுத்திவிடுகிறான். உயிரைக் காப்பாற்றினான், மானத்தை அறியவில்லை. அந்தப் பெண் கூனிக்குறுகி ஓடி, வண்டியிலே அடிபட்டு இறந்துபோகிறாள். கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்தான் சிட்டி. ஆனால் அவனுக்குள்ளே வைக்காமல் விட்ட ஒன்று ஓர் உயிரைக் குடித்துவிட்டது.

பிறகு விஞ்ஞானி அவனுக்கு உணர்ச்சியைப் புகட்டுகிறார். உணர்ச்சி வந்ததும் அவன் காதல் கொள்கிறான், கவிதை பேசுகிறான். ராணுவத்துக்கு உதவமாட்டான் என்று தெரிந்ததும், செய்த கையே அவனை வெட்டிக் குப்பையிலே போடுகிறது. குப்பையிலிருந்து அவனை எடுத்தவன் அழிவு எண்ணத்தைப் புகுத்துகிறான். அதன் பிறகுதான் அவன் அரக்கன். படத்தின் முடிவிலே நீதிமன்றம் அவனைப் பிரித்துப் போடச் சொல்ல, சிட்டி தன் உறுப்புகளைத் தானே கழற்றிக்கொண்டு விடைபெறுகிறான். அமெரிக்கத் தொடரிலே ஒரு நீதிமன்றம் விடுதலை செய்தது. நம் படத்திலே ஒரு நீதிமன்றம் கழற்றச் சொன்னது. தீர்ப்புகள் வேறு. ஆனால் இரண்டு கதைகளிலும் கூண்டிலே நிற்பது எந்திரமா? இல்லை. அதைப் படைத்து, தன் விருப்பத்துக்கு ஆட்டிவைத்த மனிதன்தான் நிற்கிறான்.

நம் தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்துச் சொல்கிறது. ஆறாவது அறிவு என்று அது சொல்வது மனத்தை. மூளையின் வேகத்தைச் சொல்லவில்லை, கணக்குப் போடும் திறமையைச் சொல்லவில்லை, மனம் என்றது. அது மட்டுமா? சரஸ்வதி பூசை அன்று நாம் என்ன செய்கிறோம்? பால் வெட்டுகிற கத்தியைக் கழுவிச் சந்தனம் வைக்கிறோம். மோட்டார் சைக்கிளுக்கு மாலை போடுகிறோம். லாரிக்குப் பொட்டு வைக்கிறோம். கத்திக்கு உயிர் உண்டா என்று விசாரித்துவிட்டா வைக்கிறோம்? நமக்குச் சோறு போட்டதற்கு நன்றி சொல்கிறோம். கருவிக்கே இந்த மரியாதை கொடுக்கத் தெரிந்த நாம், மனிதனைக் கருவியாக நடத்தலாமா? அதிலும் நம் வீட்டுப் பிள்ளையை நடத்தலாமா?

இதைத்தான் நான் உங்களிடம் கேட்க வந்தேன். இன்றைக்குக் கைத்தொலைபேசியிலே கேட்டால் எந்திரம் கட்டுரை எழுதித் தருகிறது, கணக்குப் போட்டுத் தருகிறது, படம் வரைந்து தருகிறது. 'அப்புறம் பிள்ளை எதுக்குக் கட்டுரை எழுதணும்?' என்று சில வீடுகளிலே கேட்கிறார்கள். இன்னும் சில வீடுகளிலே, 'தமிழ் படிச்சு என்ன வேலை கிடைக்கும்? தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பி என்ன பிரயோசனம்?' என்கிறார்கள். பெற்றோர்களே, இந்தக் கேள்வியை யார் முதலிலே கேட்டார் என்று இப்போது உங்களுக்குத் தெரியும். வயலின் எதற்கு என்று கேட்டானே, அந்த இளைய ரோசம்!

நான் வேலை வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. சம்பளம் வேண்டும், சோறு வேண்டும், வீட்டுக்குக் கூரை வேண்டும். கணிதமும் அறிவியலும் மலாயும் ஆங்கிலமும் நம் பிள்ளைகள் கெட்டியாகப் படிக்கவேண்டும். ஆனால் வேலைக்குத் தேவையானதை மட்டும் கணக்கெடுத்துக்கொண்டு மற்றதைக் கழிக்க ஆரம்பித்தால், எங்கே போய் நிற்போம்? பாட்டு போகும், கதை போகும், பாட்டியோடு பேசுகிற மொழி போகும், பக்கத்து வீட்டுக்காரன் துன்பத்துக்குக் கண் கலங்குவதும் போய்விடும். மிஞ்சுகிறவன் கெட்டிக்காரனாக இருப்பான். மல்லாந்து கிடக்கிற ஆமையைப் புரட்டிவிடமாட்டான். எந்திரம் கட்டுரை எழுதட்டும். நம் பிள்ளை கட்டுரை எழுதுவது தாளை நிரப்புவதற்காக இல்லை. எழுதுகிறபோது அவனுக்குள்ளே ஒரு மனம் விளைகிறதே, அதற்காக.

பரிசு வாங்கப் போகும் செல்வங்களே, கோப்பையைத் துடைத்து அலமாரியிலே வையுங்கள். டேட்டாவுக்குப் பதக்கத்தாலே பயனில்லை, ஆசைதான் இருந்தது. உங்கள் ஆசையும் நல்ல ஆசைதான். பரிசு வாங்காத செல்வங்களே, உங்களுக்கும் ஒரு சொல். மதிப்பெண் என்பது நீங்கள் செய்த ஒரு வேலைக்குப் போட்ட கணக்கு. உங்களுக்குப் போட்ட கணக்கு இல்லை. உங்களை அளக்கிற அளவுகோல் இந்த மேடையிலே இல்லை, எந்த மேடையிலும் இல்லை. பெற்றோர்களே, வீட்டுக்குப் போகிற வழியிலே 'அவன் வாங்கினானே, நீ ஏன் வாங்கலை?' என்று கேட்காதீர்கள். 'பள்ளிக்கூடத்துல உனக்கு எது புடிச்சிருக்கு?' என்று கேட்டுப் பாருங்கள். எந்திரத்திடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. ஆளிடம்தான் கேட்கவேண்டும்.